பேனா யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரி வந்து முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்தப் பருவம், மாணவர்கள் தங்கள் கட்டுரைகளோடு வந்து உதவி கேட்கும் ரைட்டிங் சென்டர் தொடங்கி, என்னைச் சக மாணவர் ட்யூட்டராகப் போட்டிருக்கிறார்கள். வாரம் 6 மணி நேரம். ஜூனியர்கள் வந்து "அக்கா, கொஞ்சம் திருத்திக் குடுங்கக்கா" என்று தாளை நீட்டிவிட்டு போனை எடுத்துவிடுகிறார்கள். நானும் சிவப்புப் பேனாவில் எல்லாவற்றையும் திருத்திக் கொடுக்கிறேன். அடுத்த வாரம் அதே பிழைகளோடு அதே ஆள் வருகிறார். போன வாரம் ஒரு பேராசிரியர் கூப்பிட்டு, "இந்த அசைன்மென்ட் நீ எழுதிக் கொடுத்ததாம்மா?" என்று கேட்டுவிட்டார். எனக்கே இங்கிலீஷ் கிராமர் முழுசாகத் தெரியாது. விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

விட வேண்டாம். அந்தச் சிவப்புப் பேனாவை மட்டும் நாளையிலிருந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முதலில் பேராசிரியரின் கேள்வி. உங்களுக்கு அது வலித்திருக்கும், ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கத்தில் 40 திருத்தம் போட்டால் அந்தக் கட்டுரையில் இரண்டு பேர் குரல் கேட்கும். வகுப்பில் அந்த மாணவரின் எழுத்தைப் பார்த்துப் பழகியவருக்கு அது உடனே தெரியும். நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லைதான். இருந்தாலும் வாக்கியங்கள் உங்களுடையவை ஆகிவிட்டன. அவரிடம் நேரில் போய், "சார், இதுவரைக்கும் வரிவரியாத் திருத்திட்டேன், இனிமே அப்படிச் செய்யமாட்டேன், அந்த மாணவரோட முதல் பிரதி அவர்கிட்டயே இருக்கு" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதே ஆள் அதே பிழையோடு வருவதற்கும் காரணம் இதுதான். நீங்கள் திருத்தியதைப் பார்த்து அவர் கம்ப்யூட்டரில் மாற்றிவிடுகிறார். கண்ணிலிருந்து விரலுக்குப் போகிறது, நடுவில் எங்கும் நிற்பதில்லை. அந்த 40 பிழைகளை ஒருநாள் வகை பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். ஒரு சந்திப்பில் ஒரு வகை, மிஞ்சினால் இரண்டு. மற்றவை கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். இந்த வேலையில் மிகவும் கஷ்டமான பகுதி அந்த விட்டுவிடுதல்தான். உங்களைக் கடந்து போகும் தாளில் பிழை இருந்தால் அது உங்கள் மானப் பிரச்சினை ஆகாது. தாள் அவருடையது.

கிராமர் முழுசாகத் தெரியாது என்று தயங்குகிறீர்கள். இந்த வேலை எப்படி உருவானது என்பது தெரிந்தால் அந்தத் தயக்கம் குறையும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் பள்ளி முடித்த அனைவருக்கும் கதவைத் திறந்தது. வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் ஏராளம் பேர் வந்தார்கள். உதவி ஏற்பாடுகள் இருந்தும் பலர் பயன்படுத்திக்கொள்ளவில்லை; அவை வகுப்பறையின் நீட்சியாகவே அவர்களுக்குத் தோன்றின. அங்கே புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புருஃபி என்ற ஆசிரியர் சக மாணவர்களையே துணையாக உட்காரவைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். உங்கள் ஜூனியர் உங்களை "அக்கா" என்று கூப்பிட்டுத் தாளை நீட்டுகிறாரே, அதுதான் உங்கள் தகுதி. "மேடம்" என்று அழைக்க வேண்டிய இடத்தில் அவர் தாளையே எடுத்திருக்க மாட்டார். கிராமரில் சந்தேகம் வந்தால், "எனக்கும் உறுதியாத் தெரியல, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லி அகராதியைத் திறங்கள். எங்கே தேடுவது என்பதை அவர் கற்றுக்கொள்வார்.

இனி வேலை முறை. 6 மணி நேரத்தில் எட்டுப் பேரைத் திணிக்காதீர்கள். ஒருவருக்கு 45 நிமிடம், அதன்பின் குறிப்பெழுத 15 நிமிடம்; ஆக 6 பேர். எதிரெதிரே உட்கார்ந்தால் அது வாய்மொழித் தேர்வு மாதிரி ஆகிவிடும், பக்கத்தில் உட்காருங்கள். தாள் அவர் முன்னால், பென்சில் அவர் கையில். லேப்டாப் என்றால் கீபோர்டு அவருடையது. உங்கள் விரல் அதைத் தொடவே கூடாது. உங்களுக்கென்று தனியாக ஒரு வெள்ளைத்தாள் வைத்துக்கொள்ளுங்கள், எதையாவது விளக்க வேண்டும் என்றால் அதில் எழுதுங்கள். போனை எடுக்கும் பிரச்சினை இதிலேயே பாதி தீர்ந்துவிடும், ஏனென்றால் கை சும்மா இருக்காது. மீதிப் பாதிக்கு, "நான் திருத்தமாட்டேன், நீங்க திருத்துறதுக்குப் பக்கத்துல இருப்பேன்" என்று ஆரம்பத்திலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் தாளைப் படிக்கவே படிக்காதீர்கள். கேள்வி என்ன, எப்போது கொடுக்க வேண்டும், எத்தனை பக்கம், பேராசிரியர் ஏதாவது சொன்னாரா, எந்த இடம் உங்களுக்கே திருப்தியாக இல்லை என்று கேளுங்கள். நம் வகுப்புகளில் அசைன்மென்ட் பல நேரம் வாய்மொழியாகத் தலைப்பு மட்டும் சொல்லித் தரப்படும். 'கடலூர் மாவட்ட மீனவர் வாழ்வியல்' என்பது தலைப்பு, அதில் கேள்வி கிடையாது. "சார் உங்ககிட்ட என்ன கேட்டிருக்கார், ஒரே வரியில எழுதுங்க" என்று பென்சிலை நகர்த்துங்கள். விளக்குக என்றாரா, ஒப்பிடுக என்றாரா, மதிப்பிடுக என்றாரா? ஒப்பிடச் சொன்ன இடத்தில் நான்கு பக்கம் விளக்கிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். அந்தத் தாளில் எழுத்துப்பிழையைத் திருத்துவது ஓட்டைக் குடத்துக்கு வெளிப்பூச்சுப் பூசுகிற வேலை.

வரிசை இதுதான்: கேள்விக்குப் பதில் இருக்கிறதா, கட்டுரை சொல்ல வரும் கருத்து எது, பத்திகளின் அடுக்கு சரியா, சான்று இருக்கிறதா, அப்புறம் வாக்கியம், கடைசியில் எழுத்துப்பிழை. மேலே உள்ளது மாறினால் கீழே உள்ளது தானாக அழிந்துபோகும். வெட்டப்போகும் பத்திக்குக் கமா திருத்துவது வீண்.

கட்டமைப்பில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பள்ளியில் குறிப்புச்சட்டகம் போட்டு, முன்னுரை, துணைத்தலைப்புகள், முடிவுரை என்று எழுதிப் பழகியவர்கள். முன்னுரையில் ஒரு குறள், முடிவுரையில் 'போற்றுவோம், காப்போம்'. கல்லூரிக் கட்டுரையில் முதல் பத்தியிலேயே நிலைப்பாடு தெரிய வேண்டும். அது இவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில்தான் எட்டிப்பார்க்கும். ஆனால் அந்தப் பழக்கத்தைக் கேலி செய்யாதீர்கள், அதையே கருவியாக்கலாம். எழுதி முடித்த கட்டுரைக்குக் குறிப்புச்சட்டகத்தைத் தலைகீழாகப் போடச் சொல்லுங்கள்: ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அது என்ன சொல்கிறது என்று ஏழெட்டுச் சொற்களில் அவரே எழுத வேண்டும். 'மீனவர் பற்றி' என்று எழுதினால் ஏற்காதீர்கள். மீனவர் பற்றி என்ன? ஒரே குறிப்பு இரண்டு பத்திக்கு வந்தால் இணைக்க வேண்டும். ஒரு பத்திக்கு இரண்டு குறிப்பு வந்தால் பிரிக்க வேண்டும். குறிப்பே எழுத முடியாத பத்தி தேவைப்படாத பத்தி. 10 நிமிடத்தில் முழுக் கட்டுரையின் எலும்பும் அவர் கண்ணுக்கே தெரிந்துவிடும், நீங்கள் ஒரு குறைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அடுத்தது வாய்விட்டுப் படிப்பது. தமிழ்க் கட்டுரை என்றால் அவரே படிக்கட்டும். ஆங்கிலம் என்றால் யோசியுங்கள்: தமிழ்வழியில் படித்து வந்தவருக்குப் பக்கத்து மேசைக்காரர் முன்னால் ஆங்கிலத்தை உரக்கப் படிப்பது தண்டனை. அப்போது நீங்கள் படியுங்கள், எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே. எழுதியவர் படித்தால் விடுபட்ட சொல்லை மனம் தானாகச் சேர்த்துவிடும். நீங்கள் படிக்கும்போது தடுக்குகிற இடம் அவர் காதில் விழும். தடுக்கியதும் எதுவும் சொல்லாமல் நிறுத்துங்கள். பத்து எண்ணும்வரை பொறுங்கள். மூன்றாவது நொடியிலேயே உதவத் தோன்றும், பொறுங்கள்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். உலகத்தில் எந்தத் தம்பியும் "புரியலக்கா" என்று சொல்ல மாட்டான். "இப்ப எந்த வரியை மாத்தப்போறீங்க, எப்படி?" என்று கேளுங்கள். பதில் வந்தால் புரிந்திருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ட்யூட்டர் கேள்வி மட்டுமே கேட்க வேண்டும், எதையும் சொல்லித் தரக் கூடாது என்று சிலர் பயிற்சி கொடுப்பார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. தெரியாத ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால், ஏற்கெனவே பயந்து வந்த பிள்ளை அவமானப்பட்டுத்தான் எழுந்து போகும். யோசித்தால் அவரால் கண்டுபிடிக்க முடிந்ததைக் கேளுங்கள். யாராவது சொன்னால்தான் தெரியும் என்பதைச் சொல்லிவிடுங்கள். மேற்கோளுக்குப் பக்க எண் எங்கே போடுவது என்பதை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை நீங்கள் உங்கள் வெள்ளைத்தாளில் செய்து காட்டுங்கள், அடுத்த இரண்டை அவர் தன் தாளில் செய்யட்டும்.

ஆங்கில வாக்கியச் சிக்கலில் உங்கள் பெரிய ஆயுதம் தமிழ். குழம்பிய வரி வந்தால், "இதுல என்ன சொல்ல வர்றீங்க, தமிழ்ல சொல்லுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் தமிழில் தெளிவாகச் சொல்லிவிடுவார். அதை அப்படியே குறித்துக்கொண்டு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றச் சொல்லுங்கள். பிழைக்குக் காரணமும் பல நேரம் தமிழில்தான் இருக்கும், அதைக் காட்டிவிட்டால் மறக்க மாட்டார். 'டிஸ்கஸ் அபவுட்' ஏன் வருகிறது? நாம் 'பற்றி விவாதித்தார்' என்கிறோம், அந்தப் 'பற்றி' கூடவே வந்துவிடுகிறது. 'நான் வருகிறேன் என்று குமார் சொன்னான்' என்பதில் உள்ளே இருக்கும் 'நான்' தமிழில் குமாரையே குறிக்கும்; ஆங்கிலத்தில் 'தட்' போட்ட பிறகு அந்த 'ஐ' எழுதுகிறவரைக் குறிக்கத் தொடங்கிவிடும், அது 'ஹி' ஆக வேண்டும். கமா போட்டு வாக்கியங்களை ஒட்டிக்கொண்டே போவது இன்னொன்று. 'கடலூருக்குப் போய், ஆவணங்களைப் பார்த்து, குறிப்பெடுத்து, துறைத்தலைவரிடம் காட்டினேன்' என்பதில் மூன்று வினையெச்சம், ஒரே முற்று. ஆங்கிலத்தில் எழுதும்போது நான்கையும் முற்றாக்கிவிட்டு நடுவில் கமாவை மட்டும் விட்டுவிடுகிறார்கள். "இதுல முற்று எத்தனை?" என்று கேட்டால் போதும். எட்டாம் வகுப்பு இலக்கணம் உதவிக்கு வந்துவிடும். 'எ', 'தி' சிக்கலுக்கும் பாட்டி கதை போதும்: 'ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு...' முதலில் ஒரு, கேட்பவருக்குத் தெரிந்த பிறகு அந்த. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் தொடங்குவதற்குப் போதுமானது.

தமிழ்த் தாள்களுக்கும் இதே கவனம் வேண்டும். தாய்மொழிதானே என்று தமிழ்த்துறைப் பிள்ளைகள் உங்களிடம் வரவே கூச்சப்படுவார்கள். சந்திப்பிழையில் மொத்த விதியையும் கொட்டாதீர்கள். இரண்டாம் வேற்றுமை 'ஐ', நான்காம் வேற்றுமை 'கு' வெளிப்படையாக வந்தால் அடுத்து வல்லினம் மிகும்: நூலைப் படித்தேன், ஊருக்குச் சென்றேன். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும் 'ஆக', 'என' என்பவற்றுக்குப் பின்னும் மிகும். 'என்று' வந்தால் மிகாது: எனக் கூறினார், என்று கூறினார். ஒரு மாணவரின் தாளில் வரும் சந்திப்பிழைகளில் பெரும்பகுதி இதற்குள்ளேயே தீரும். 'நூல்கள் வெளிவந்தது' போன்ற ஒருமை பன்மை மயக்கத்துக்கு எழுவாயையும் பயனிலையையும் வட்டமிட்டுக் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். ல, ள, ந, ன குழப்பம் என்றால் அந்தச் சொல்லைக் கையால் எழுதச் சொல்லிப் பாருங்கள். கையில் சரியாக வந்தால் அது அறியாமை கிடையாது, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் போன் கீபோர்டு செய்த வேலை. அதற்கு மருந்து அச்செடுத்து ஒருமுறை படிப்பது.

எல்லாருக்கும் தமிழ் உதவாது. மாஹேயிலிருந்து வருபவர் மலையாளத்தில் யோசிப்பார், ஏனாம்காரர் தெலுங்கில். வடமாநில மாணவர்களும் வருவார்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் மொழியில் நான்கு வரி எழுதிவிட்டு ஆங்கிலத்துக்கு வரச் சொல்லுங்கள்.

சிலர் 11 மணிக்கு வந்து 12 மணிக்குக் கொடுக்க வேண்டும் என்பார்கள். அவர்களிடம் மேலே சொன்ன வரிசை எதுவும் வேண்டாம். கேள்வியின் எல்லாப் பகுதிக்கும் பதில் இருக்கிறதா, முதல் பத்தி, மேற்கோள்களின் மூலம், பெயர், பதிவு எண். அவ்வளவுதான். அடுத்த முறை நான்கு நாள் முன்னால் வரச் சொல்லி அனுப்புங்கள்.

ஆய்வு மாணவர்கள் உங்களைவிட மூத்தவர்கள், "அண்ணா" என்று கூப்பிடும் இடத்தில் இருப்பவர்கள். அவர்கள் ஒற்றுமைச் சதவீதத்தை, அதாவது ஆய்வேட்டில் எவ்வளவு பகுதி பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் கணக்கை, குறைத்துத் தரச் சொல்லி வருவார்கள். இங்கே உறுதியாக நில்லுங்கள், விதியையும் தெரிந்துவைத்திருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மூலம் காட்டிய மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்டங்கள், சமன்பாடுகள், தற்செயலாக ஒத்துவரும் 14 தொடர்ச் சொற்கள் வரை கணக்கில் சேராது. சாதாரண அசைன்மென்டும் டெர்ம் பேப்பரும் இந்த ஒழுங்குமுறைக்குள் வருவதில்லை. அவற்றுக்குத் துறையின் விதிதான். இதைத் தெரியாமல் முதலாண்டு மாணவர்கள் நடுங்குவார்கள், சொல்லுங்கள்.

சதவீதத்தைக் குறைக்கச் சொல்லுக்குச் சொல் மாற்றுவது திருட்டை மறைப்பதே. சரியான வழி நேரம் பிடிக்கும்: மூலத்தை ஒரு பத்தி படிக்க வேண்டும், புத்தகத்தை மூட வேண்டும், உங்களிடம் வாயால் சொல்ல வேண்டும், பிறகு எழுத வேண்டும், கடைசியில் மூலத்தோடு ஒப்பிட்டு அடைப்புக்குறியில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட வேண்டும். ஆங்கில நூலைத் தமிழில் சொன்னாலும் மூலம் காட்டியே ஆக வேண்டும். மென்பொருள் கண்டுபிடிக்காது என்பதால் அது சொந்தச் சரக்கு ஆகிவிடாது.

ஏஐ எழுதிய பத்தி வந்தால் போலீஸ் வேலை பார்க்காதீர்கள். "இந்த வரிக்கு என்ன அர்த்தம், ஒரு உதாரணம் சொல்லுங்க" என்று எப்போதும் கேட்பதையே கேளுங்கள். சொல்ல முடியாத வரி தாளில் இருக்கக் கூடாது என்பது அவருக்கே புரியும். உங்கள் மையத்தில் இதற்கு என்ன விதி என்று பொறுப்பாசிரியரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள்.

பேராசிரியர் மாதிரி இன்னொருவர் கேட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டும். சந்திப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் மாணவரே தன் கையெழுத்தில் மூன்று வரி எழுதட்டும்: தேதி, இன்று எதைப் பார்த்தோம், வீட்டில் போய் என்ன செய்யப்போகிறேன். ஒரு பிரதி மையத்துக்கு, ஒன்று அவருக்கு. பழைய வரைவுகளை அழிக்காமல் தேதி போட்டுத் தனித்தனிக் கோப்பாக வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் தாளில் என்ன இருந்தது என்பதை அவர் சம்மதம் இல்லாமல் ஆசிரியரிடமோ தோழிகளிடமோ பேசாதீர்கள். மதிப்பெண் எவ்வளவு வரும் என்று ஆரூடம் சொல்லாதீர்கள். ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

அரியாங்குப்பம் தாண்டும்போது வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வரும், "அக்கா, நைட்டுக்குள்ள பார்த்துடுங்க" என்று. "திங்கட்கிழமை ஸ்லாட் போடுங்க" என்று மட்டும் பதில் போடுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து திருத்தினால் பேனா மறுபடி உங்கள் கைக்கு வந்துவிடும், எழுதியவர் பக்கத்தில் இருக்க மாட்டார். பணமோ பரிசோ யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கல்லூரி வாசல்களில் ப்ராஜெக்ட் எழுதிக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள கோடு அதுதான்.

திரும்பத் திரும்ப வருகிறாரே அந்த மாணவர், அவரிடமிருந்தே ஆரம்பியுங்கள். நீங்கள் திருத்திய பழைய தாளை எடுக்க வேண்டாம். புதிய கட்டுரையில் ஒரு பக்கத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கி, பிழை உள்ள வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். வரியில் இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. என்ன பிழை என்று எழுதாதீர்கள். தாளை அவரிடம் கொடுத்து 15 நிமிடம் விடுங்கள். அவசரத்தில் செய்த பிழைகளை அவரே பிடித்துவிடுவார், பலருக்கு அதுவே பாதிக்கு மேல் இருக்கும். மிஞ்சிய புள்ளிகள்தான் உண்மையில் அவருக்குத் தெரியாதவை. அவற்றில் எந்த வகை அதிகம் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். அன்றைய சந்திப்பின் மீதி நேரம் அந்த ஒரு வகைக்கு.